மோசி மக்களைப் படிச்சவரே அவங்க நாட்டுக்குத் தூதரா போனது சரியா? எலியட் ஸ்கின்னர் பத்தி பேசலாம் வாங்க

தேரடிவீதி:

1955ல ஒருத்தர் உங்க ஊருக்கு வர்றாரு. உங்ககூடவே தங்குறாரு, உங்க பாஷையைக் கத்துக்குறாரு, யார் வீட்ல எத்தன பேரு, அறுவடை முடிஞ்சதும் யாரு பக்கத்து நாட்டுக்குக் கூலி வேலைக்குப் போறா, தலைவரி கட்டக் காசு எங்கேர்ந்து வருதுன்னு ஒவ்வொண்ணா கேட்டு நோட்டு நோட்டா எழுதிக்கிட்டுக் கெளம்பிடுறாரு. 11 வருஷம் கழிச்சு அதே ஆளு அமெரிக்கத் தூதரா தலைநகர்ல வந்து எறங்கி ஜனாதிபதி கையில நியமனப் பத்திரம் குடுக்குறாரு. உங்களுக்கு எப்படி இருக்கும்?

இது எலியட் ஸ்கின்னர்ங்கற கறுப்பின அமெரிக்க மானுடவியல் ஆராய்ச்சியாளரோட கதை. நாடு மேற்கு ஆப்பிரிக்கால மோசி மக்கள் பெருசா வாழற அப்பர் வோல்டா, 1984ல இருந்து அதுக்குப் பேரு புர்கினா பாசோ.

ஸ்கின்னர் பொறந்தது அமெரிக்காவுல இல்ல, திரினிடாட்ல போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல, 1924. 1943ல அமெரிக்கா போயி, போர்க்காலம்ங்கறதால ராணுவத்துல சேந்தாரு, அது வழியாதான் குடியுரிமையும் கெடச்சுது. போர் முடிஞ்சு நியூயார்க் யுனிவர்சிட்டில 1951ல டிகிரி, அப்புறம் அதே ஊர்ல கொலம்பியா யுனிவர்சிட்டில மானுடவியல்ல எம்.ஏ, 1955ல பிஎச்டி. அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட களம் பிரிட்டிஷ் கயானால ஒரு கிராமம், ஆப்பிரிக்க வம்சாவளியும் இந்திய வம்சாவளியும் பக்கத்துப் பக்கத்துல எப்படி வாழறாங்கன்னு பாத்தாரு. அத முடிச்ச கையோட மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, மோசி மக்கள்கிட்ட. 1964ல மோசி அரசுகளோட அரசியல் வரலாறு பத்தி புத்தகம் வந்துச்சு, 1966ல லிண்டன் ஜான்சன் அவரைத் தூதராக்கினாரு, 1969 வரைக்கும் தலைநகர் வாகடூகுல இருந்தாரு.

என் கருத்தை மொதல்லயே சொல்லிடறேன். அந்த நாட்டுக்கு அப்படி ஒரு தூதர் கெடச்சது நல்லதுதான். ஆனா இதுல ஒரு முள்ளு இருக்கு, அத மறைச்சுட்டுப் பேச எனக்கு மனசு வரல, அதான் இழை போட்டேன்.

மலையகத்தான்:

கயானான்னு பாத்ததும் நின்னுட்டேன். எங்க முப்பாட்டன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரு, அதே காலத்துல மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் ஏறினவங்க கயானா கரும்புத் தோட்டத்துக்குப் போனாங்க. 1838லேர்ந்து 1917 வரைக்கும் கிட்டத்தட்ட 2,39,000 பேரை இந்தியாவுலேர்ந்து கயானாவுக்கு ஒப்பந்தக் கூலியா கொண்டுபோயிருக்காங்க, பெரும்பாலும் கல்கத்தா வழியாத்தான், மெட்ராஸ் வழியா போனவங்க கொஞ்சம் பேருதான். அங்க அவங்கள இன்னிக்கும் மெட்ராசின்னுதான் சொல்றது, மாரியம்மன் கும்பிடறதை விடல. அடிமை ஒழிப்புக்கு அப்புறம் கறுப்பின மக்கள் கூலி அதிகம் கேட்டாங்க, அதுக்காகத்தான் நம்மாளுங்களை இறக்கினாங்க, அதனால ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமா பாத்தாங்க. ஒரு திரினிடாட்காரர் அத ஆராய்ச்சிக்கு எடுத்தாருன்னா சின்ன வயசுல அவரு தெருவுலயே பாத்திருப்பாருன்னு நெனைக்கிறேன், திரினிடாட்டும் அதே கதைதானே.

வரலாறு டீச்சர்:

நல்ல இழை தம்பி. அவரு ஆராய்ச்சி பண்ணின விஷயம் என்னன்னு கொஞ்சம் வெளக்கிடறேன், அது தெரிஞ்சாதான் முள்ளு எங்க இருக்குன்னு புரியும்.

மோசி அரசுகள் பல நூறு வருஷப் பழசு. வாகடூகுல மோரோ நாபான்னு ஒரு ராஜா, வடக்க யாடெங்கா தனி அரசு, கிழக்க தென்கொடோகோ. 1896ல பிரெஞ்சுப் படை வாகடூகுவப் புடிச்சப்ப மோரோ நாபா வோப்கோ தெக்க கோல்ட் கோஸ்ட் பக்கம் தப்பிச்சுப் போனாரு. அதுக்கப்புறம் பிரெஞ்சுக்காரங்க தலைவரி போட்டாங்க, அத பிராங்க்ல பணமாத்தான் கட்டணும். பணம் எங்க இருக்கு ஊர்ல? கம்பும் சோளமும்தான் இருக்கு. அதோட கட்டாய உழைப்பு, ரயில்பாதை போடவும் ஐவரி கோஸ்ட் தோட்டத்துக்கும் ஆள் புடிச்சாங்க. 1932ல அப்பர் வோல்டாங்கற காலனியவே கலைச்சு பக்கத்துக் காலனிகளுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க, பெரும்பகுதி ஐவரி கோஸ்ட்டுக்கு, 1947லதான் திரும்ப ஒட்டவச்சாங்க. ஒரு நாட்டையே கூலி ஆள் கெடங்கா பாத்ததா எனக்குத் தோணுது.

அதனால மோசி எளந்தாரிங்க என்ன பண்ணினாங்க, பிரெஞ்சு எல்லையத் தாண்டி பிரிட்டிஷ்காரன் கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இப்ப கானா, கோக்கோ தோட்டத்துக்கு நடந்தே போனாங்க. அங்க கூலி அதிகம், கட்டாய உழைப்பு இல்ல. அறுவடை முடிஞ்சு கெளம்பி மழை தொடங்கறதுக்கு முன்னாடி திரும்பிடுவாங்க. ஸ்கின்னர் 1955ல போனப்ப இந்தப் போக்குவரத்து முழு வேகத்துல இருந்துச்சு, அவரு எழுதின முக்கியமான கட்டுரைகள்ல ஒண்ணு இதப் பத்திதான், 1960ல வந்தது. சம்பாதிச்சுட்டு வர்ற பையன் கையில சொந்தக் காசு இருக்கும்போது வீட்டுப் பெரியவங்களோட அதிகாரம் என்ன ஆகுது, அதான் அவரு கேள்வி.

மானுடவியல் மாணவி:

டீச்சர், அந்தக் கேள்வியோட இன்னொரு பாதி 1961 கட்டுரைல இருக்கு, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவுல இருக்குற மோதல் பத்தி. மூத்த மகனை பால்குடி மறந்ததுமே அம்மா வழி சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, பெரியவனானதும்தான் திரும்ப வருவான், அப்பவும் அப்பாகிட்ட ஒட்ட முடியாது. ஏன்னா அப்பா சாவுக்கு அப்புறம் அவர் எடத்துக்கு வரப்போறவன் இவன்தான், அது ரெண்டு பேருக்கும் தெரியும். பொண்ணு பாத்துக் கட்டிவைக்கிற அதிகாரமும் பெரியவங்க கையில, அதனால எளசுகள் ரொம்ப நாள் காத்திருக்கணும். படிக்கும்போது எங்க வீட்டு ஆம்பளைங்கள நெனச்சு உக்காந்துட்டேன், உண்மையா சொல்றேன்.

இப்ப முள்ளுக்கு வர்றேன். இந்த மாதிரி வீட்டு ரகசியத்தை ஒருத்தர் ஒரு ஆராய்ச்சியாளர்கிட்ட சொல்றது இவரு யாருக்கும் ஆள் இல்லங்கற நம்பிக்கைலதான். அப்புறம் அவரு ஒரு வல்லரசோட பிரதிநிதியா வந்தா? அதுவும் எந்த வருஷம்னு பாருங்க. 1964ல அமெரிக்க ராணுவம் கேமலாட்னு ஒரு திட்டம் போட்டுச்சு, சமூக விஞ்ஞானிகளுக்குக் காசு குடுத்து எந்த நாட்டுல எப்ப புரட்சி வரும், எப்படித் தடுக்கலாம்னு ஆராயச் சொன்னாங்க. 1965ல சிலி நாட்டுல விஷயம் வெளிய வந்து பெரிய ரகளை, அந்த வருஷம் ஜூலைலயே திட்டத்தை ரத்து பண்ணினாங்க. அதுக்கப்புறம் மானுடவியல்காரங்க எல்லாரையுமே உலகம் உளவாளியா பாக்க ஆரம்பிச்சுது. அமெரிக்க மானுடவியல் சங்கம் 1967ல ரகசிய வேலைக்கு எதிரா அறிக்கையே போட்டுச்சு. ஸ்கின்னர் தூதரா போனது சரியா இந்த நடுவுல, 1966.

அவர் உளவு பார்த்தாருன்னு நான் சொல்லல, அப்படி எதுவும் நான் படிச்சதில்ல. ஆனா களத்துல பேசினவங்ககிட்ட திரும்பப் போயி, நான் இப்ப அரசாங்கத்து ஆள், நீங்க முன்னாடி சொன்னது என் தலைக்குள்ளதான் இருக்கு, பரவாயில்லையான்னு யாரும் கேக்க முடியாது. அதுதான் எனக்கு உறுத்துது.

தேரடிவீதி:

தங்கச்சி, நான் சொன்ன முள்ளு இதேதான். ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க. கேமலாட்ல உண்மைய மறைச்சாங்க, சிலிக்காரங்களுக்கு அது ராணுவக் காசுன்னே சொல்லல. தூதர் வேலை வெளிப்படையானது, கொடி கட்டின கார்ல போறாரு, யாருக்காகப் பேசறாருன்னு ஊருக்கே தெரியும். அவர் முன்னாடி சேத்த விஷயமும் 1964லயே அச்சாகி வெளிய வந்துடுச்சு, யார் வேணா படிக்கலாம். எனக்குப் பெருசா படறது இதுதான், மறைக்கிற ஆளும் மறைக்காத ஆளும் ஒண்ணு கெடையாது.

சரி, அவர் எறங்கினப்ப ஊர் எப்படி இருந்துச்சுன்னு சொல்லட்டா? 1960 ஆகஸ்ட் 5ல சுதந்திரம், மொத ஜனாதிபதி மோரிஸ் யமேயோகோ. இவரு 1965 மார்ச்ல வாஷிங்டன் போயி ஜான்சன்கிட்ட அரசு விருந்தெல்லாம் சாப்ட்டு வந்தாரு. அதே வருஷக் கடைசில கஜானா காலி, அரசு ஊழியர் சம்பளத்துல 20 சதவீதம் வெட்டுறேன்னாரு, அதே ஆளுக்கு அந்த அக்டோபர்லதான் ஆடம்பரமா ரெண்டாவது கல்யாணம் நடந்து முடிஞ்சிருந்துச்சு. தொழிற்சங்கமெல்லாம் ஒண்ணு சேந்து 1966 ஜனவரி 3ல தெருவுல எறங்குச்சு. ஜாக்லின் கி-செர்போன்னு ஒரு டீச்சர், தன்னோட பள்ளி மாணவிகளைக் கூட்டிக்கிட்டு ஊர்வலத்துல வந்தாங்க, ரொட்டி, தண்ணி, ஜனநாயகம்னு கோஷம். சாயந்தரத்துக்குள்ள யமேயோகோ எறங்கிட்டாரு, லெப்டினன்ட் கர்னல் சங்கூலே லமிசானா பதவிக்கு வந்தாரு. துப்பாக்கிச் சூடு நடக்காம ஒரு அரசு மாறின நாள்.

ஒரு சில மாசத்துல ஸ்கின்னர் அங்க போறாரு. ஏற்கெனவே மோசி மக்களோட மோரே பாஷை பேசத் தெரியும், கிராமத்துல வரி கட்ட வழியில்லாம எளந்தாரிங்க எப்படி எல்லை தாண்டினாங்கன்னு கண்ணால பாத்தவரு. அந்த ஊர்வலம் ஏன் நடந்துச்சுன்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது. ஒரு சாதாரண தூதருக்கு இது முடியுமா?

வரலாறு டீச்சர்:

ஜாக்லின் கி-செர்போ பேரை இங்க பாத்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. அவங்க புருஷன் ஜோசப் கி-செர்போ, ஆப்பிரிக்க வரலாறை ஆப்பிரிக்கர் பார்வையில எழுதின முக்கியமான ஆளு, அரசியல்லயும் இருந்தவரு. அந்த ஊர்வலத்தோட நாயகி மாணவிகளைக் கூட்டிட்டு வந்த ஒரு டீச்சர், இத வகுப்புல சொல்றப்ப பிள்ளைங்க முகம் மாறும்.

போர்வண்டி டிரில்லர்:

நான் புத்தகம் படிச்சவன் இல்ல சார், திருச்செங்கோட்டுக்காரன், போர்வெல் வண்டில வேலை. மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் ரெண்டு வருஷம் வேலை பாத்தேன், அதுல புர்கினாலயும் இருந்தேன், அதனால எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

வாகடூகுல வெள்ளிக்கிழம காலைல ராஜா அரண்மனை முன்னாடி ஒரு சடங்கு இருக்கு, ஒருதடவை ஒதுங்கி நின்னு பாத்தேன், போட்டோ எடுக்க விடமாட்டாங்க. ராஜா செவப்பு உடுப்புல வெளிய வருவாரு, சேணம் பூட்டின குதிரை ரெடியா நிக்கும், சண்டைக்குக் கெளம்புற மாதிரி. மந்திரிமாரு வந்து போகாதீங்கன்னு கெஞ்சுவாங்க. அவரு உள்ள போயி வெள்ளை உடுப்புல திரும்பி வருவாரு, குதிரை மேல இருக்க சேணத்த அவுத்துடுவாங்க. போகல, இருக்கேன்னு அர்த்தம். நாடு குடியரசாகி எத்தனையோ ஆட்சி வந்து போச்சு, இது மட்டும் நிக்கல.

அப்புறம் அந்த ஜனங்க வணக்கம் சொல்ற விதம். நம்ம ஊர்ல சாப்டியான்னு கேக்கற மாதிரி அங்க ஒரு ஆளப் பாத்தா ஒடம்பு எப்டி, வீடு எப்டி, வேலை எப்டின்னு வரிசையா கேப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் லாஃபின்னு பதில் சொல்லணும், நல்லா இருக்கேன்னு அர்த்தம். அத முடிக்காம நேரா வேலைய பேசினா மரியாதை இல்லாதவன்னு நெனைப்பாங்க. மொத வாரம் நான் அவசரப்பட்டு நேரா எங்க குழி போடணும்னு கேட்டேன், கிராமத்துப் பெரியவர் பதிலே சொல்லல. கூட இருந்த டிரைவர் சொல்லித்தான் அடுத்த நாள் முறையா வணக்கம் வச்சு ஆரம்பிச்சேன், அப்புறம் அவரே எடம் காட்டினாரு. ஒரு தூதருக்கு இது தெரிஞ்சிருந்தா அங்க எவ்ளோ தூரம் உள்ள போக முடியும்னு எனக்குப் புரியுது. மோரேல நன்றிக்கு பர்கான்னு சொல்லணும், அதுக்கே அவங்க சிரிச்சு கையப் புடிச்சுக்குவாங்க.

மானுடவியல் மாணவி:

அண்ணே, இதுக்கு மேல களப்பணிக்கு வேற பாடம் வேணாம். அந்த ராஜா பத்தி ஒண்ணு சேத்துக்குறேன். 1958 அக்டோபர் 17ல அப்ப இருந்த மோரோ நாபா குக்ரி தன் ஆளுங்களைக் கூட்டி சட்டசபையச் சுத்தி நிக்க வச்சாரு, அரசியல்சட்ட முடியாட்சி வேணும்னு. அது தோத்துப்போச்சு. அப்புறம் யமேயோகோ பாரம்பரியத் தலைவர்களோட சம்பளத்த நிறுத்தினாரு, அதனாலயே அவர் விழுந்தப்ப அரண்மனைப் பக்கம் சந்தோஷம். மோசி அரசர்களைப் பத்தி புத்தகம் எழுதின ஆளே தூதரா வரும்போது அரண்மனைக்கும் ராணுவ அரசுக்கும் நடுவுல எப்படி நடந்துக்கணும்னு நெனச்சுப் பாருங்க. ஒருபக்கம் சாஞ்சா இன்னொரு பக்கம் கோபம். லமிசானா மோசியும் கெடையாது, சமோ இனத்தவர், முஸ்லிம், பிரெஞ்சு ராணுவத்துல இந்தோசீனாலயும் அல்ஜீரியாலயும் சண்டை போட்டவரு.

ஆனா தேரடி அண்ணா சொன்ன "மறைக்காத ஆள்" வாதத்த முழுசா ஏத்துக்க முடியல. அச்சானது வேற, தலைக்குள்ள இருக்கறது வேற. எழுதாம விட்டதுதான் நெறைய இருக்கும் ஒரு ஆராய்ச்சியாளர்கிட்ட.

ஏரிக்கரை:

நான் கொஞ்சம் வேற பக்கம் இழுக்கறேன். ஒரு கறுப்பின அறிஞரை ஆப்பிரிக்காவுக்குத்தான் அனுப்பணும்னு ஏன் நெனச்சாங்க? இது பழைய பழக்கம். அமெரிக்கப் பிரதிநிதியா 1869ல எபினேசர் பாசெட் ஹைதிக்கு, 1871ல ஜேம்ஸ் மில்டன் டர்னர் லைபீரியாவுக்கு, அதுலேர்ந்து கறுப்பர்னா ஹைதி இல்லனா லைபீரியான்னே ஆயிடுச்சு. ஹென்றி ஹைலண்ட் கார்னெட் அடிமையா பொறந்து போதகரானவரு, 1881ல லைபீரியாவுக்குப் போயி அடுத்த வருஷமே மன்ரோவியால செத்துப்போனாரு. தூதர்ங்கற முழு அந்தஸ்தோட போன மொத கறுப்பர் எட்வர்ட் டட்லி, 1949, அதுவும் லைபீரியாதான். ஐரோப்பாவுக்கு ஒரு கறுப்பர் தூதரா போக 1961 ஆகணும், கிளிஃப்டன் வார்ட்டன், நார்வேக்கு. 1965ல பாட்ரிசியா ராபர்ட்ஸ் ஹாரிஸ் லக்சம்பர்க்குக்குப் போனாங்க, அவங்கதான் மொத கறுப்பினப் பெண் தூதர். அப்ப ஸ்கின்னர் நியமனத்த தகுதின்னு பாக்கறதா, பழைய வட்டம்னு பாக்கறதா?

தேரடிவீதி:

நல்ல கேள்வி. ரெண்டும் சேந்ததுன்னு நெனைக்கிறேன், ஆனா ஸ்கின்னர் விஷயத்துல தகுதி ரொம்ப பலமா நிக்குது, அந்த ஊர்ப் பேச்சும் வழக்கமும் தெரிஞ்ச ஆள் வேற யாரு இருந்தா அமெரிக்காவுல? மெர்சர் குக் கேசும் இப்படித்தான், ஹோவர்ட் யுனிவர்சிட்டில பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர், 1961ல நைஜர், 1964ல செனகல், தூதர். செனகல் கவிஞர் சேங்கோரோட எழுத்தை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவரே சேங்கோர் ஜனாதிபதியா இருந்த நாட்டுக்குத் தூதர், யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, ஏரிக்கரை நண்பரே, நீங்க சொன்ன அந்த வட்டத்தைப் பத்தி ஸ்கின்னரே பின்னாடி 1992ல பெரிய புத்தகமா எழுதினாரு, 1850லேர்ந்து 1924 வரைக்கும் ஆப்பிரிக்காவப் பத்தின அமெரிக்கக் கொள்கைல கறுப்பின அமெரிக்கர்கள் என்ன பண்ணினாங்கன்னு. தானும் அதுக்குள்ள இருந்தவருங்கறதால அந்த வேலைய எடுத்திருப்பாருன்னு எனக்குத் தோணுது.

அந்தக் காலத்து அமெரிக்காவையும் மறந்துடக் கூடாது. 1961ல சாட் நாட்டுத் தூதர் மாலிக் சோ வாஷிங்டனுக்குப் போற வழில மேரிலாண்ட்ல ரூட் 40ங்கற நெடுஞ்சாலைல ஒரு ஓட்டல்ல காபி கேட்டு அவமானப்பட்டு வந்தாரு, நெறம் காரணம். கென்னடி அரசு அதுக்காகத் தனியா ஆள் போட்டு ஓட்டல்காரங்ககிட்ட பேசவேண்டியிருந்துச்சு. வாக்குரிமைச் சட்டம் 1965, ஸ்கின்னர் கெளம்பறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. வாகடூகுல யாராச்சும் அவர்கிட்ட உங்க ஊர்ல உங்களை எப்படி நடத்துறாங்கன்னு கேட்டிருந்தா அவரு என்ன பதில் சொல்லியிருப்பாரு, அத நெனச்சா எனக்கு மனசு கனக்குது. அவர் அங்க இருந்தப்பதான் 1968 ஏப்ரல்ல மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டாரு, அதே மாசம் அவரோட கொலம்பியால மாணவர் போராட்டம். நாலாயிரம் மைலுக்கு மேல தள்ளி ஒரு சின்ன தூதரகத்துல உக்காந்து அந்தச் சேதியெல்லாம் கேக்கறது.

வரலாறு டீச்சர்:

அவரால என்ன பண்ண முடிஞ்சுதுங்கறதையும் நேர்மையா பாக்கணும். அப்பர் வோல்டா அமெரிக்காவுக்கு முக்கியமான நாடு இல்ல, பணமும் ராணுவமும் பிரான்ஸ் பக்கம், கரன்சி கூட பிரான்ஸ் பணத்தோட இணைச்ச சிஎஃப்ஏ பிராங்க். 1966 ஜூலைல எத்தியோப்பியாவுக்கு அமெரிக்கத் தூதரா இருந்த எட்வர்ட் கோரி ஒரு அறிக்கை குடுத்தாரு, அமெரிக்க நேரடி உதவிய ஆப்பிரிக்கால பத்து நாடு அளவுல சுருக்கிடலாம், மத்த சின்ன நாடுகளுக்கு பிராந்தியத் திட்டமா குடுக்கலாம்னு. அப்ப அப்பர் வோல்டா மாதிரி நாட்டுல ஒரு தூதர் கையில பெருசா காசு இருக்காது, எவ்ளோ நல்லா பாஷை பேசினாலும்.

ஒண்ணு மட்டும் பெருசா நடந்துச்சு, பெரியம்மை. 1967 ஜனவரிலேர்ந்து மேற்கு, மத்திய ஆப்பிரிக்கால 20 நாட்டுல அமெரிக்க உதவியோட பெரியம்மை ஒழிப்பும் தட்டம்மைத் தடுப்பூசியும் சேத்து நடத்தினாங்க, அப்பர் வோல்டாவும் அதுல இருந்துச்சு. தட்டம்மை ஊசிக்கு ஏற்கெனவே 1962, 63லயே அப்பர் வோல்டாலதான் பெரிய முயற்சி நடந்து ஏழு லட்சம் பிள்ளைங்களுக்குப் போட்டிருந்தாங்க. மேற்கு ஆப்பிரிக்கால பெரியம்மை 1970ல நின்னுச்சு. இத ஸ்கின்னர் கணக்குல எழுத மாட்டேன், அது பலபேரோட உழைப்பு, ஆனா அவரோட காலத்துல ஊசி வண்டி அந்தச் செம்மண் ரோட்டுல போயிருக்கு.

போர்வண்டி டிரில்லர்:

டீச்சர் சொன்ன கானா கதை முடியலைன்னு நெனைக்கிறேன். கூட வேலை பாத்த ஒரு பெரியவர் சொன்னாரு, அவங்க அப்பாவ கானாலேர்ந்து தொரத்திவிட்டாங்க, கையில ஒரு சைக்கிளோட வந்து சேந்தாராம்.

வரலாறு டீச்சர்:

ஆமா அண்ணே, அது 1969 நவம்பர். கானா பிரதமர் பூசியா ஒரு உத்தரவு போட்டாரு, ஆவணம் இல்லாத வெளிநாட்டுக்காரங்க ரெண்டு வாரத்துல வெளியேறணும்னு. ரெண்டு மூணு தலைமுறையா கோக்கோ தோட்டத்துல ஒழைச்சவங்களும் போனாங்க, நைஜீரியாக்காரங்க, அப்பர் வோல்டாக்காரங்க. ஸ்கின்னர் அந்த வருஷம்தான் தூதர் பதவிய விட்டாரு. அவரு 1960ல எழுதின அந்த நடைபாதை ஒரே உத்தரவுல அடைபட்டுச்சு.

மலையகத்தான்:

ரெண்டு வாரம். எங்க ஊர்ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964ல போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பறதா முடிவு பண்ணினாங்க. எங்க பெரியம்மா வீட்டோட கப்பல் ஏறினாங்க. அந்தப் பெரியவரோட அப்பா சைக்கிள் கதைய படிச்சு கண்ணு கலங்கிடுச்சு அண்ணே.

மானுடவியல் மாணவி:

பதவிய விட்டப்புறம் அவர் கொலம்பியாவுக்கே திரும்பி, அமெரிக்க மானுடவியலோட முன்னோடி ஃப்ரான்ஸ் போவாஸ் பேர்ல இருக்குற பேராசிரியர் பதவில உக்காந்தாரு, 1972ல துறைத் தலைவரானாரு. 1974ல வாகடூகு நகரத்தோட மாற்றத்தப் பத்தி புத்தகம், அதுக்கு அடுத்த வருஷம் ஆப்பிரிக்கா பத்தின நல்ல ஆராய்ச்சிப் புத்தகத்துக்குக் குடுக்குற ஹெர்ஸ்கோவிட்ஸ் விருது. 2007 ஏப்ரல் 1ல வாஷிங்டன்ல காலமானாரு.

இந்த நகரப் புத்தகத்தாலதான் நான் கொஞ்சம் எறங்கி வர்றேன் தேரடி அண்ணா. கிராமத்துலேர்ந்து வந்து நகரத்துல குடியேறினவங்க எப்படிப் பொழைக்கறாங்க, யாரு யாருக்கு உதவறாங்கன்னு அவரு தூதர் வேலைக்கு அப்புறமும் விடாம கேட்டிருக்காரு. அந்த ஜனங்கள விட்டுப் போகல. ஆனா என் சந்தேகத்தை வாபஸ் வாங்கல, எங்க வகுப்புல கள ஒழுக்கம் பத்தின அடுத்த பேப்பருக்கு இதத்தான் எடுக்கப் போறேன். டிரில்லர் அண்ணே, உங்க பெரியவர் ஒத்துக்கிட்டார்னா அவங்க அப்பா கதைய நீங்க எழுதி இங்க போடுவீங்களா? அவரைக் கேட்டுட்டு மட்டும்.

போர்வண்டி டிரில்லர்:

நம்பர் இருக்கு தங்கச்சி. வெள்ளிக்கிழம கூப்பிடுறேன். மொதல்ல ஒடம்பு எப்டி வீடு எப்டின்னு எல்லாம் விசாரிச்சுட்டு அப்புறம் கேக்கறேன்.